சாக்பீஸைத் தாண்டிய கோடு

ஒரு விடுகதை போடுகிறேன். எலும்பு உண்டு, சதை இல்லை. எத்தனை பேர் ஏறினாலும் சுமக்கும், யாருக்கும் முகம் காட்டாது. அது என்ன?

வண்டிக்கு அடியில் நீளமாக ஓடுகிற இரும்புச் சட்டம்தான். சேசிஸ் என்பார்கள்.

போடி மலையடிவாரத்தில் வண்டிப் பட்டறை நடத்திய செல்வக்கனிக்கு முப்பத்து நான்கு வயது. அவரிடம் தொழில் கற்க வந்த சின்னமாயனுக்கோ ஐம்பத்திரண்டு. அதற்கு முன் இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர்.

சின்னமாயன் தன் பிக்கப் வண்டியின் பின்வில்லில், அதாவது ஸ்பிரிங்கில், யாரையும் கேட்காமல் தடித்த பட்டைகள் இரண்டைக் கூட்டியிருந்தார். ஏலத்தோட்டத்துப் பாறைப் பாதையில் வண்டி இனித் தரை தட்டாது. ஒரு வாரம் உரமூட்டை ஏற்றி ஓட்டியும் பார்த்தாயிற்று. நாளைக் காலை கூலியாட்கள் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு முதல் நடை. போகாவிட்டால் தோட்டத்துக் கங்காணி வேறு வண்டி பார்த்துவிடுவார்.

இன்று அடியில் படுத்துப் பார்த்தபோது, சட்டத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல்.

“வெல்டு வச்சு, மேல ஒரு தகடு ஒட்டிட்டா முடிஞ்சது, வாத்தியாரம்மா.”

“கோடு முடியுற இடத்துல சாக்பீஸால குறி வைங்கண்ணே. காலி வண்டியா ஓடைவரைக்கும் போய்ட்டு வாங்க.”

போய் வந்து மறுபடி படுத்துப் பார்த்தார். கோடு குறியைத் தாண்டி ஒரு நெல்மணி நீளம் போயிருந்தது.

“இதையும் சேர்த்து வெல்டு வச்சிடுறேன்.”

“பக்கத்துல விரியும். அங்கேயும் வைப்பீங்க.”

“வைப்பேன். நான் விடுறதா இல்ல.”

“அது தெரியுது.”

சின்னமாயன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். “நான் கை வச்சது வில்லுல. அது கல்லு மாதிரி இருக்கு. கை வைக்காத சட்டம் ஏன் விரியுது?”

செல்வக்கனி பழைய டயர் ஒன்றைக் கீழே சாய்த்தார். “இதுமேல ஏறிக் குதிங்க. முழங்கால் மடங்கக் கூடாது.”

“இந்த வயசுலயா?”

“ஒரு சாண் உயரம்ணே. மலையேறின டிரைவருக்கு இதுக்கா பயம்?”

முறைத்துக்கொண்டே குதித்தார். விறைத்த கால்கள் தரையில் பட்டதும் பற்கள் மோதிக்கொண்டன.

“அடி எங்க?”

“பல்லுல.” தாடையைத் தடவினார்.

“குதிச்சது காலுதானே?”

சின்னமாயன் வண்டியைப் பார்த்தார்.

“சட்டத்தை ஒழுங்காச் சரிபண்ண எத்தனை நாளாகும்?”

“ஒரு வாரம்.”

“நாளைக்கு ஒரே ஒரு நடை மட்டும் போய்ட்டு வந்துடுறேனே?”

“பாறை நாளைக்கும் அடிக்கும்ணே. வில்லு வாங்காத அடியைச் சட்டம் வாங்கும். சட்டம் விட்டுருச்சுன்னா, மேல உட்கார்ந்திருக்கவங்கள்ல யாரு வாங்குறதுன்னு நீங்களே சொல்லுங்க.”

சின்னமாயன் போனை எடுத்தார். நாளைக்கு வண்டி வராது என்று கங்காணியிடம் சொன்னார். பிறகு ஸ்பேனரை எடுத்து, வில்லில் தான் கூட்டிய பட்டைகளைக் கழற்றினார்.