இப்போதா, பிறகா என்று கேட்ட பிள்ளைப்பூச்சி

குளத்தங்கரை ஈச்சங்காட்டில் வெள்ளச்சி என்றொரு வெள்ளெலி இருந்தது. மண்ணில் வளை தோண்டி, கண் திறக்காத நான்கு குட்டிகளோடு குடியிருந்தது. வெள்ளெலிகள் பகலெல்லாம் தூங்கும். பொழுது சாய்ந்தபிறகுதான் இரை தேடப் போகும்.

வெள்ளெலிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. வளைக்கு முன்வாசல் வைத்த கையோடு ரகசியமாகப் பின்வாசல் ஒன்றும் வைக்கும். அதை வெளியே திறந்துவிடாது. புல்வேர் தட்டும்வரை தோண்டி, மேலே விரல் கனத்துக்கு மண்ணை விட்டுவைக்கும். ஆபத்து வந்தால் தலையால் ஒரு முட்டு முட்டி வெளியே போய்விடும். அது எங்கே இருக்கிறது என்று ஒரு வெள்ளெலி இன்னொன்றிடம் கேட்காது. கேட்டால் மரியாதை இல்லை.

அந்த ஆண்டு ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. குளம் நிரம்பிக் கரை வழிந்தது. வளைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளச்சி குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடியது.

மேட்டில் அலங்கு நின்றுகொண்டிருந்தது. அலங்குக்கு உடம்பெல்லாம் ஓடு வேய்ந்ததுபோல் செதில், நீண்ட மூக்கு, வளைந்த நகம். கரையானும் எறும்பும்தான் அதன் சாப்பாடு. தோண்டுவதில் அந்தக் காட்டில் அதற்கு இணை கிடையாது.

"வாம்மா, வா! உனக்கும் ஒரு வளை தோண்டி வெச்சிருக்கேன்!" என்றது அலங்கு.

"அதுக்கு நான் என்ன தரணும் ஐயா?"

"ஒண்ணுமே வேண்டாம். எல்லாருக்கும் சும்மாதான் தர்றேன். குடிபோறதுக்கு முன்னாடி நிபந்தனையை மட்டும் கேட்டுக்கணும். அது முறை."

அலங்கு கண்ணை மூடிக்கொண்டு நிபந்தனைகளை மூக்குக்குள்ளேயே முணுமுணுக்க ஆரம்பித்தது. அது நீண்டுகொண்டே போனது. மழை வலுத்தது. குட்டிகள் நடுங்கின. நடுவில் 'பின்வாசல்' என்று ஏதோ காதில் விழுந்தது.

"ஐயா, பின்வாசல்னு என்னமோ சொன்னீங்களே?"

"கேட்கலையா? சரி, முதல்லேருந்து சொல்றேன்."

கடைக்குட்டிக்கு உடம்பு சில்லிட்டிருந்தது. "வேண்டாம் ஐயா! எல்லாத்துக்கும் சரி!" என்று சொல்லிவிட்டு வெள்ளச்சி உள்ளே ஓடியது.

வளை நன்றாகத்தான் இருந்தது. சொட்டு ஈரம் இல்லை. குட்டிகளுக்குத் தனி அறை, கம்புத் தானியம் வைக்கத் தனி அறை. வாசலில் ஒரு பிள்ளைப்பூச்சியும் இருந்தது. மண்வெட்டிபோல் முன்கால், மெல்லிய குரல்.

"வணக்கம் அக்கா! ஐயா என்னை உங்களுக்கு உதவியா வெச்சிருக்காரு. மழை வந்தாச் சொல்வேன். கம்பு குறைஞ்சாச் சொல்வேன். வீட்டை அப்பப்போ திருத்தியும் கொடுப்பேன்."

வெள்ளச்சிக்கு மனம் குளிர்ந்தது. வந்த அலுப்புத் தீர்ந்ததும் வழக்கம்போல் பின்வாசலுக்கு இடம் பார்த்தது. குட்டிகள் அறைச் சுவரில் இரண்டு பிறாண்டு பிறாண்டியது.

"அக்கா! தோண்டக் கூடாது!" என்று வாசலிலிருந்து கத்தியது பிள்ளைப்பூச்சி. "நிபந்தனையிலே இருக்கு. நீங்களும் சரின்னு சொல்லிட்டீங்க. மீறினா ஐயா உங்களை வெளியே அனுப்பிடுவாரு."

வெள்ளச்சி கையை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அதற்குத் தூக்கம் சரியில்லை.

சில நாள் கழித்துப் பிள்ளைப்பூச்சி கேட்டது. "வாசலைக் கொஞ்சம் அகலம் பண்ணட்டுமா அக்கா? இப்போதா, பிறகா?"

"வேண்டாம் தம்பி. எனக்கு இந்த அகலமே போதும்."

"வேண்டாம்னு ஒரு பதிலை எனக்குச் சொல்லிக் கொடுக்கலையே அக்கா. இப்போதா, பிறகா?"

"இது என்ன கூத்து! சரி, பிறகு."

மறுநாள் விடியும் நேரம் வெள்ளச்சி இரை தேடிவிட்டுத் திரும்பியது. வாசலைக் காணோம். மண் அடைத்துக் கிடந்தது.

"தம்பி! தம்பி! திற!"

"திருத்த வேலை நடக்குது அக்கா! கொஞ்சம் அங்கேயே நில்லுங்க. பாதி முடிஞ்சிருச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கிழக்கு வெளுத்தது. தலைக்கு மேலே ஒரு பருந்து வட்டம் போட ஆரம்பித்தது. வெள்ளச்சி ஒரு சருகுக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டது.

"இன்னும் எவ்வளவு நேரம்டா?"

"பாதி முடிஞ்சிருச்சு அக்கா!"

"அதைத்தானே அப்பவும் சொன்னே!"

பருந்தின் நிழல் சருகைத் தொட்டபோது வாசல் திறந்தது. வெள்ளச்சி உருண்டு உள்ளே விழுந்தது. வாசல் இரண்டு பங்கு அகலமாகியிருந்தது. கம்பு வைத்த இடத்தில் கம்பு இல்லை. குட்டிகள் அறையைப் பிள்ளைப்பூச்சி இன்னொரு பக்கம் மாற்றியிருந்தது. தன் வீட்டிலேயே வெள்ளச்சி முட்டி மோதிக்கொண்டு குட்டிகளைத் தேடியது.

பக்கத்து வளையில் சடையாண்டி என்ற பெருச்சாளி குடியிருந்தது. வெள்ளச்சி அதனிடம் போய்ப் புலம்பியது.

"உங்க வாசலையும் அகலம் பண்ணிட்டாங்களா அண்ணே?"

"பண்ணிட்டாங்களே! என் உடம்புக்கு இதுதான் வசதி. முன்னெல்லாம் தொப்பையை எக்கிக்கிட்டுல்ல நுழைவேன்!" என்று சடையாண்டி வயிற்றைத் தட்டிக் காட்டியது.

"நாம தூங்குறது, சாப்பிடுறது எல்லாத்தையும் அந்தப் பூச்சி பார்த்துக்கிட்டே இருக்கே. உங்களுக்கு உறுத்தலையா?"

"நான் என்ன திருடனா? ஒளிக்கிறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு? பார்த்தாப் பார்த்துட்டுப் போகட்டும்!"

"ஒளிக்க ஒண்ணும் இல்லேன்னா, பழைய வளையிலே ஏன் வாசலுக்கு மண்ணை இழுத்துவிட்டுட்டுத் தூங்கினீங்க?"

சடையாண்டி மீசையைச் சொறிந்தது. "அது... அது ஒரு பழக்கம்மா. சும்மா கிடக்குறவனைப் போட்டுக் குழப்பாதே. போய்த் தூங்கு!"

வெள்ளச்சிக்குத் தூக்கம் எங்கே வரும்? இந்தப் பக்கம் புரண்டது. அந்தப் பக்கம் புரண்டது. ஒருநாள் வெயில் தாழும் வேளையில், வாசலில் இருந்த பிள்ளைப்பூச்சி சத்தம் காட்டாமல் கிளம்பிப் போவதைப் பார்த்தது. வெள்ளச்சியும் புல்லுக்குள் பதுங்கிப் பதுங்கிப் பின்னால் போனது.

மேட்டின் மறுபக்கம் பெரிய கரையான் புற்று ஒன்று இருந்தது. அங்கே எல்லா வளைப் பிள்ளைப்பூச்சிகளும் வரிசையாக நின்றன. அலங்கு புற்றுக்குள் நாக்கை விட்டுக் கரையானை நக்கிக்கொண்டே கேட்டது. "அடுத்தது?"

"குட்டிகள் நாலு, ஐயா. கண் திறக்கப் போகுது. இடது கை அறை. அம்மா பகல்லே தூங்கும். இப்போ சில நாளாப் புரண்டு புரண்டு படுக்குது" என்றது வெள்ளச்சி வீட்டுப் பிள்ளைப்பூச்சி.

புற்றின் மேல் கண்ணிலிருந்து ஒரு தலை நீண்டது. சாரைப்பாம்பு! அந்தப் புற்றில் குடியிருப்பது அதுதான்.

"யார் வீடு அது?" என்றது சாரை.

அலங்கு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு நிமிர்ந்தது. "பெயரைச் சொல்ல மாட்டேன்! என் வளையிலே குடியிருக்கிறவங்க பெயரை நான் யாருக்கும் சொன்னதே கிடையாது. அதிலே நான் ரொம்பக் கண்டிப்பு."

"பெயரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? எந்த வளை, அதை மட்டும் சொல்."

"இலந்தை மரத்துக்குக் கீழே. நான் அகலத்தையும் நேரத்தையும் மட்டும்தான் சொல்றேன். அதை வெச்சு நீ என்ன செய்யறேன்னு நான் கேட்கிறதே இல்லை."

"நீ என் புற்றிலே கரையான் தின்கிறதையும் நான் கேட்கிறதே இல்லை" என்றது சாரை.

வெள்ளச்சி ஒரே ஓட்டமாக ஓடிச் சடையாண்டியை எழுப்பியது. கண்டதையெல்லாம் சொன்னது.

"வீடு கொடுத்த மகராசனைப் போய்ச் சந்தேகப்படுறியே!" என்றது சடையாண்டி. "அவரு பெயரைக்கூடச் சொல்லலேன்னு நீயே சொல்றே. அப்புறம் என்ன பயம்?"

"அண்ணே, ஒரு பின்வாசலாவது தோண்டிக்கோங்க!"

"தோண்டினா வெளியே அனுப்பிடுவாங்க. இந்த வசதியை விட்டுட்டு நான் சேத்திலே போய்ப் படுக்கணுமா?"

வெள்ளச்சி திரும்பி வந்தது. குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் எங்கே போவது? கீழே காடெங்கும் சேறு. தோண்டினால் சரியும். வெட்டவெளியில் பருந்து. உள்ளேயிருந்தே வழி செய்ய வேண்டும். ஆனால் ஒரு பிறாண்டு பிறாண்டினால் போதும், பிள்ளைப்பூச்சிக்குக் கேட்டுவிடும்.

அந்தி சாய்ந்ததும் பிள்ளைப்பூச்சி வாசலில் உட்கார்ந்து சிறகை உரசி ஒரு பாட்டுப் பாடியது. தினமும் பாடுவதுதான். அன்றைக்கு வெள்ளச்சிக்குப் பொறி தட்டியது.

"தம்பி, உன் குரல் எவ்வளவு இனிமை! இத்தனை நாள் காதிலே வாங்காமப் போயிட்டேனே. இன்னும் கொஞ்சம் பாடு. சத்தமாப் பாடு!"

பிள்ளைப்பூச்சியை அதுவரை யாரும் பாராட்டியதில்லை. அது கண்ணை மூடிக்கொண்டு, அதன் காதே அடைத்துப்போகும்படி பாடியது. அது பாடப் பாட வெள்ளச்சி தோண்டியது. பாட்டு நின்றால் கையும் நின்றது. தோண்டிய மண்ணைக் குட்டிகளின் படுக்கைக்கு அடியில் பரப்பியது.

"அக்கா, குட்டிகள் அறையிலே தரை உசந்தாப்போல இருக்கே?"

"குட்டிக வளருதில்லையா தம்பி? பார்வைக்கு அப்படித்தான் தெரியும். எங்கே, அந்த இரண்டாவது பாட்டைப் பாடு!"

குட்டிகள் கண் திறந்தன. தத்தித் தத்தி நடந்தன. பின்வாசலில் புல்வேர் தட்டியது. மேலே விரல் கனம் மண் மிச்சம். வெள்ளச்சி அதோடு நிறுத்திக்கொண்டு அன்றைக்குத்தான் கொஞ்சம் கண்ணயர்ந்தது.

நடுப்பகல். வாசலிலிருந்து பிள்ளைப்பூச்சி கூப்பிட்டது.

"அக்கா, ஒருத்தர் வந்திருக்காரு. ஐயாவுக்கு வேண்டியவராம். உள்ளே விடட்டுமா? இப்போதா, பிறகா?"

வெள்ளச்சி துள்ளி எழுந்தது. வாசலில் வெளிச்சம் மறைந்திருந்தது.

"பிறகு!" என்று கத்தியது. "பிறகு, தம்பி, பிறகு!"

"பிறகு வரச் சொல்றாங்க ஐயா..." என்று பிள்ளைப்பூச்சி திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஒரு பேச்சு நேரம் வெள்ளச்சிக்குப் போதும். தலையால் ஒரு முட்டு! மண் உதிர்ந்தது. வெயில் உள்ளே விழுந்தது. ஒவ்வொரு குட்டியாக மூக்கால் நெட்டி வெளியே தள்ளியது. கடைக்குட்டி கண் கூசி நின்றது.

"போடா! போ!"

பின்னால் சரசரவென்று சத்தம். சாரை பிள்ளைப்பூச்சியைத் தாண்டி வந்துவிட்டது. அகலமான வாசல் அதற்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. வெள்ளச்சி கடைக்குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் பின்னங்காலால் மண்ணை உதைத்து உதைத்துப் பின்வாசலை அடைத்தது. சாரையின் மூக்கில் மண்தான் இடித்தது.

சாரை சும்மா திரும்பவில்லை. பக்கத்து வளைக்குப் போனது. வெள்ளச்சி குட்டிகளை இலந்தை முள்ளுக்குள் தள்ளிவிட்டுக் கத்தியது.

"சடையாண்டி அண்ணே! எழுந்திருங்க! பாம்பு!"

உள்ளே அந்த வளைப் பிள்ளைப்பூச்சியின் குரல் கேட்டது. "உள்ளே விடட்டுமா அண்ணே? இப்போதா, பிறகா?"

தூக்கக் கலக்கத்தில் சடையாண்டி சொன்னது: "யாராயிருந்தா என்ன? நமக்கு ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? இப்பவே வரச் சொல்."

அந்த வளைக்கு ஒரே ஒரு வாசல்தான்.

குளத்துத் தண்ணீர் வடிந்தது. சரிவில் மண் இறுகியது. வெள்ளச்சி அங்கே தானே ஒரு வளை தோண்டியது. அது குறுகல்; கொஞ்சம் ஈரமும் கசிந்தது. கம்பு வைக்கத் தனி அறை இல்லை. முன்வாசல் ஒரு வெள்ளெலி நுழையும் அகலம். பின்வாசல் எங்கே என்று குட்டிகளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஒருநாள் அலங்கு தேடிக்கொண்டு வந்தது. "நடந்தது நடந்துபோச்சு. வாசலைச் சுருக்கித் தர்றேன். வந்துடும்மா! அந்த வளை சும்மாதானே கிடக்கு?"

"மறுபடியும் அகலம் பண்ணணும்னு தோணினா யாரைக் கேட்பீங்க ஐயா?"

"உன்னைத்தான் கேட்போம். எப்பவுமே கேட்டுத்தானே செய்யறோம்? இப்போ வர்றியா, பிறகு வர்றியா?"

"வேண்டாம்" என்றது வெள்ளச்சி.

அலங்கு இன்னும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தது. இரண்டு தடவையும் அதே பதில்தான் வந்தது. செதில் சலசலக்கத் திரும்பிப் போனது.

அதன் பின்னாலேயே வந்திருந்த சடையாண்டி வீட்டுப் பிள்ளைப்பூச்சி மட்டும் போகவில்லை. வாசலுக்கு வெளியே தயங்கித் தயங்கி நின்றது.

"அக்கா, அந்த மூணாவது பதிலை எனக்கும் சொல்லிக் கொடுக்கிறீங்களா? அன்னிக்கு அது எனக்குத் தெரிஞ்சிருந்தா, சடையாண்டி அண்ணனைக் கேட்காமலே நான் பாம்புகிட்டே சொல்லியிருப்பேனே."

"சொல்லித் தர்றேன் தம்பி" என்றது வெள்ளச்சி. "ஆனா வாசலுக்கு வெளியே இருந்தே கத்துக்கோ."

பிறகு முன்வாசலுக்கு உள்ளேயிருந்து மண்ணை இழுத்துவிட்டது.

குடியிருக்கும் வீடானாலும் கையில் வைத்திருக்கும் கருவியானாலும், நாம் சொல்லும் 'வேண்டாம்' அதன் காதில் ஏறாவிட்டால், எத்தனை வசதி இருந்தாலும் அது நம்முடையது அல்ல.