அலகு ஒட்டிய டீச்சர்

ஒரு காட்டில் ஆலமரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்துவந்தது. அங்கே டீச்சர், செண்பகம் என்ற மைனா. பாடம் நடத்தினாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி, அவள் வாய் மூடாது.

அவளுடைய வகுப்பில் பூவன் என்ற தேவாங்கு படித்தான். அவனுக்குப் பேச்சு வராது. படங்கள் கீறிய மரப்பட்டை ஒன்றை மடியிலேயே வைத்திருப்பான். ஒவ்வொரு படமாகத் தொட்டுத்தான் பேசுவான். அதற்குக் கொஞ்சம் நேரமாகும்.

செண்பகம் பூவன்மேல் உயிரையே வைத்திருந்தாள். காத்திருக்க மட்டும் அவளுக்குத் தெரியாது.

அவன் மாம்பழப் படத்தைத் தொட்டதுமே, "பசிக்கிறதா கண்ணா? இந்தா!" என்று பழத்தை வாயில் திணிப்பாள். 'மாம்பழம் புளிக்கிறது' என்று அவன் சொல்ல வந்திருப்பான். பாவம், அந்தப் புளிப்பையும் விழுங்குவான்.

ஒருநாள் பூவன் ஆலமரப் பொந்தையே உற்றுப் பார்த்தான். பிறகு அவசரமாக 'மரம்' படத்தைத் தொட்டான்.

"மரம் ஏற வேண்டுமா? பாடம் முடியட்டும்."

பூவன் தலையாட்டி மறுத்தான். மறுபடியும் 'மரம்' தொட்டான்.

"ஓ, மரத்தைப் பற்றிப் பாடம் கேட்கிறாயா? கெட்டிக்காரன்! பிள்ளைகளே, கைதட்டுங்கள்!"

எல்லோரும் தட்டினார்கள். பூவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, செண்பகம் அருகில் கிடந்த பலாக்காயைக் கொத்தினாள். அதன் பால் பிசுபிசுவென்று அலகை ஒட்டிவிட்டது!

"ம்ம்... ம்ம்!"

இதுதான் சமயம் என்று பூவன் பட்டையை அவள்முன் நீட்டினான். குறுக்கே பேச முடியாத செண்பகம், வேறு வழியில்லாமல் பார்த்தாள். அவன் விரல் மெல்ல நகர்ந்தது.

மரம். உள்ளே. பாம்பு.

செண்பகத்துக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. கத்தப் பார்த்தாள், "ம்ம்!" தான் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். சட்டென்று பட்டையின்மேல் குதித்து அலகால் தொட்டாள்.

எல்லோரும். ஓடு. ஆற்றங்கரை.

பூவனோடு தினமும் விளையாடும் முயல்குட்டி அதைப் படித்துவிட்டாள். "ஆற்றங்கரைக்கு ஓடச் சொல்கிறார்!" என்று கூவினாள். மான்குட்டி பூவனைப் பட்டையோடு தன் முதுகில் ஏற்றிக்கொண்டான். அவர்கள் ஓடி மறையவும், பொந்திலிருந்து நாகம் படமெடுத்து வரவும் சரியாக இருந்தது.

ஆற்றங்கரை மணலில் தேய்த்துத் தேய்த்ததில் ஒருவழியாகச் செண்பகத்தின் அலகு திறந்தது. அதே நேரம் பூவன் 'டீச்சர்' படத்தைத் தொட்டான். செண்பகம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அடக்கிக்கொண்டாள். அவன் நிதானமாகச் சொல்லி முடித்தான்.

டீச்சர். காது. இருக்கிறது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் செண்பகம்தான்.

நீதி: ஒருவர் எந்த வழியில் பேசினாலும், அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.