நாலு ஸ்க்ரூ

தூத்துக்குடித் துறைமுகக் கிடங்கில் பெட்டி பிரிக்கும் செபஸ்தியம்மாளுக்கு அந்த டேபிள் ஃபேன்கள்மேல் சந்தேகம். பாகமெல்லாம் சீனாவில் செய்தவை. பக்கத்துத் தீவில் பூட்டியதால் அது தீவுச் சரக்காம், தீவுச் சலுகைப்படி வரி கிடையாதாம். அதைச் சுங்க அதிகாரியிடம் சொல்லியும்விட்டாள்; அவரும் விசாரிக்கக் கிடங்குக்கே வந்துவிட்டார்.

"பூட்டின இடந்தான் பிறந்த இடம்! இல்லேன்னு நிரூபி, முடியலேன்னா வேலையை விட்டுப் போ!" என்று சீறினார் இறக்குமதி முதலாளி மாசிலாமணி.

அவள் ஒரு ஃபேனை எடுத்தாள். நாலே நாலு ஸ்க்ரூதான். கழற்றி, அங்கேயே திரும்பப் பூட்டினாள்.

"இப்ப நான் தூத்துக்குடியில பூட்டிட்டேன் முதலாளி. இது நம்மூர்ச் சரக்குதானே? தீவுச் சலுகை எப்படிக் கேப்பீங்க?"

"நாலு ஸ்க்ரூ முடுக்கினா ஊரே மாறிடுமா?" என்று கத்தினார் மாசிலாமணி.

அதிகாரி பேனாவை நீட்டினார்.

"அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."