கயத்தான் நின்ற தண்ணீர்

கயத்தான் குடியை விட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. குடி அவரை விட்டதா என்று கேட்டால், அதுதான் இந்தக் கதை.

அவர் ஒரு கடற்கரை ஊரின் கிறிஸ்தவக் கோயிலில் கோயில்பிள்ளை. மூன்று வேளையும் மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, சாமியார் இல்லாத நாளில் முன்னால் நின்று செபம் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. பீடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் ஒரு மர அலமாரி உண்டு. பூசைக்கான திராட்சை ரசம் அதில்தான் இருக்கும். அலமாரியின் சாவி கயத்தானின் இடுப்பில் இருக்கும்.

குடிகாரனாக இருந்த மனுஷனிடம் அந்தச் சாவியை யார் கொடுத்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். யாரும் தானாகக் கொடுக்கவில்லை. அவரே கேட்டு வாங்கினார். குடியை விட்ட மூன்றாம் வருஷம், ஊர்க்கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று, அப்போது பங்குச் சாமியாராக இருந்த தஸ்நேவிஸ் அடிகளிடம் கேட்டார்.

"அந்தச் சாவிய என் கையில குடுத்துப் பாருங்க சாமி. ஊரு பாக்கட்டும்."

பாலுக்குப் பூனை காவல் என்று ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் வருஷம் போகப் போகச் சிரிப்பும் ஓய்ந்தது. குடித்துவிட்டு வரும் புருஷன்மாரிடம் பெண்கள், "கயத்தான் அண்ணனப் பாரும், சாவியையே இடுப்புல வச்சிட்டு அலையுதாரு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தவக்காலத்தில் தியானம் கொடுக்க வந்த பிரசங்கியார்கள் அவரை மேடையில் ஏற்றிப் பேச வைத்தார்கள். கயத்தானுக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காமல் இருக்க அவர் என்ன வானத்திலிருந்து இறங்கிய சம்மனசா?

இப்போது அவருக்கு அறுபத்தொரு வயது. தஸ்நேவிஸ் சாமியார் பத்து ஊர் சுற்றி, ஓய்வு பெற்று, எழுபத்தாறு வயதில் இதே ஊருக்கு வந்து தங்கியிருந்தார். காலைப் பூசை அவர்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு புதன்கிழமை பூசை முடிந்தது. ஜனங்கள் கலைந்தார்கள். சாமியார் கழற்றிய பூசை உடுப்பைக் கையில் வாங்கிய கயத்தான், அதை மடிக்காமல் அப்படியே நின்றார்.

"என்னவே, உடுப்பு கனக்குதோ?" என்றார் சாமியார்.

"சாமி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்."

"நேத்து சாயங்காலம் அலமாரியத் தொறந்தேன்."

சாமியார் அலமாரியின் பூட்டைப் பார்த்தார்.

"ரசத்தக் கிண்ணத்துல ஊத்தினேன். வாய்கிட்ட கொண்டு போனேன்."

"குடிச்சீரா?"

"இல்ல சாமி. மணியடிக்க நேரமாயிட்டு. ஊத்தினதத் திரும்பப் போத்தல்ல ஊத்தி வச்சிட்டு ஓடிட்டேன்."

"சரி."

"என்ன சாமி, சரிங்கீங்க! மணிக்கு இன்னும் அஞ்சு நிமிசம் இருந்திருந்தா குடிச்சிருப்பேன்."

"வீட்டுல சண்டையோ?"

"இல்ல."

"ஏதும் துக்கமோ?"

"அப்படி எதுவும் இருந்தாத்தான் தேவலையே சாமி. ஒரு காரணமும் இல்ல. சும்மா அலுத்துப் போச்சு. அதான் பயமாயிருக்கு."

சொல்லிவிட்டு அவர் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சாமியார் நிற்கும்போது அவர் இதுவரை உட்கார்ந்ததில்லை. அதை அவரும் கவனிக்கவில்லை, சாமியாரும் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"இருபத்தஞ்சு வருசம் சாமி. மொத மாசம் எப்படி நாக்கு கெடந்து துடிச்சுதோ, நேத்தும் அப்படியேதான் துடிச்சுது. வருசம் ஆக ஆகக் கொறையும்னு சொன்னாங்க. எங்க கொறஞ்சுது? சாண் ஏறினா மொழம் சறுக்குது. இவ்வளவு செபம், இவ்வளவு ஒறுத்தல், எத்தன பாவசங்கீர்த்தனம்! ஆண்டவரு பக்கமா நான் ஒரு எட்டுகூட முன்னால போகல. மொத நாள் நின்ன எடத்துலயேதான் நிக்கேன். இதுக்கா இந்தப் பாடு?"

இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினார்.

"இத நீங்களே வச்சுக்கிடுங்க சாமி. மணியடிக்கவும் வேற ஆளப் பாத்துக்கிடுங்க. நாளைக்கு நான் குடிக்காம இருப்பேன்னு எனக்கே நம்பிக்கை இல்ல."

ஒரு வார்த்தை சொல்லித் தடுப்பார் என்று கயத்தான் எதிர்பார்த்தார். உம்மை விட்டால் ஆள் ஏது என்று ஒப்புக்காவது சொல்வார் என்று நினைத்தார். சாமியார் சாவியை வாங்கி, அங்கியின் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இத அன்னிக்கே நான் குடுத்திருக்கக் கூடாது. நீரு கேட்ட வேகத்துல குடுத்துட்டேன்" என்றார்.

கயத்தானுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷம் காத்த சாவி, இருமல் மாத்திரையைப் போல ஒரு பைக்குள் போய்விட்டது.

"வாரும், கடலுக்குப் போவோம்" என்றார் சாமியார்.

கிழக்கிலிருந்து கொண்டல் காற்று வீசத் தொடங்கியிருந்த மாதம். கரைக்கு வருகிற அலை ஒவ்வொன்றும் பெரிதாகவே வந்தது. கொஞ்சம் தள்ளி நாலைந்து பேர் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். சாமியாரையும் கோயில்பிள்ளையையும் காலை வேளையில் கடற்கரையில் பார்த்ததும், கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"தண்ணியில எறங்கி நில்லும். நான் கூப்பிடுற வரைக்கும் நின்ன எடத்த விட்டு நகரக் கூடாது" என்றார் சாமியார்.

"எதுக்கு சாமி?"

"நில்லும், சொல்லுதேன்."

சாமியார் அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நனைகிற இடத்தில் நின்றார். கயத்தான் கோயில்பிள்ளை ஆகும்வரை கடலில் தொழில் பார்த்தவர். வலைக்காரர்கள் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கணுக்கால் தண்ணீரில் போய் நின்றால் நாளைக்குச் சந்தியில் சொல்லிச் சிரிக்க மாட்டார்களா? அவர் முழங்காலைத் தாண்டினார், இடுப்பைத் தாண்டினார், நெஞ்சு மட்டத்துக்குப் போய்க் கரையைப் பார்த்துத் திரும்பி நின்றார். கோபுரத்துச் சிலுவையும் கரையில் நின்ற ஒற்றைத் தென்னையும் ஒரே நேராகத் தெரிந்தன. கடல்காரன் புத்தி, அதை அடையாளமாக வைத்துக்கொண்டார்.

முதல் பத்து அலையை எளிதாகத் தாங்கிக்கொண்டார். அதற்கப்புறம்தான் கடல் வேலையைக் காட்டியது. வருகிற அலை நெஞ்சில் மோதித் தள்ளியது. போகிற அலை குதிகாலுக்குக் கீழிருந்த மணலை உருவிக்கொண்டு போனது. கால் புதைந்தது. உடம்பு சாய்ந்தது. காலைப் பிடுங்கி வேறு மணலில் ஊன்றினார். அடுத்த அலை அதையும் உருவியது. மறுபடியும் பிடுங்கினார், மறுபடியும் ஊன்றினார். ஒரு முறை முழுக்கச் சாய்ந்து, உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி, இருமிக்கொண்டே எழுந்து, சிலுவையும் தென்னையும் நேராகத் தெரிகிற இடத்துக்கு வந்து நின்றார்.

இரண்டு செபமாலை சொல்லி முடிக்கிற நேரம் ஆகியிருக்கும். தொடை நடுங்கியது. இந்தக் கிழவருக்கு என்னதான் வேண்டும் என்று கோபமாக வந்தது. கண்ணிலிருந்து வழிந்தது கடல் தண்ணீரா, சொந்தத் தண்ணீரா என்று அவருக்கே தெரியவில்லை.

"வாரும்வே" என்று சாமியார் கை காட்டினார்.

கயத்தான் தள்ளாடி வந்து மணலில் விழுந்த மாதிரி உட்கார்ந்தார். சாமியாரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு தூரம் நடந்தீரு?"

"நடக்கவே இல்லையே சாமி. நீங்க சொன்ன மாதிரி நின்ன எடத்துலதான நின்னேன்."

"பின்ன ஏன் இப்படி எளைக்குது?"

"சும்மாவா நின்னேன்? காலத் தூக்கித் தூக்கி வச்சேன். வைக்காம இருந்திருந்தா இந்நேரம் என்னைய இழுத்துட்டுப் போயிருக்கும்."

"எத்தன தடவ தூக்கி வச்சீரு?"

"அத யாரு சாமி எண்ணுனா."

"இருபத்தஞ்சு வருசத்துல?"

கயத்தான் ஈரக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். சாமியார் தடுக்கவில்லை.

"உங்களுக்கு எழுபத்தாறு ஆச்சு. உங்களுக்கு இதெல்லாம் ஓஞ்சிருக்கும்லா சாமி?" என்று பிறகு கயத்தான் கேட்டார்.

"நானும் அங்கதான நின்னேன். நான் காலத் தூக்கி வச்சத நீரு பாக்கலியோ?"

கயத்தான் பார்த்திருந்தார். கிழவர் கணுக்கால் தண்ணீரில் ஒரு காலை எடுத்து வைப்பதும், மறு காலை எடுத்து வைப்பதும் அவர் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. குளிருக்காக அப்படிச் செய்கிறார் என்று நினைத்திருந்தார்.

மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நெஞ்சில் கொஞ்சம் இடம் கிடைத்த மாதிரி இருந்தது. அவர் எழுந்தார். வேட்டியைப் பிழிந்து மடித்துக் கட்டினார். வலைக்காரர்கள் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, சாமியார் முன்னால் கையை நீட்டினார்.

"அந்தச் சாவியத் தாங்க சாமி. இன்னும் இருபத்தஞ்சு வருசம்னாலும் நான் நிப்பேன்."

சாமியார் சாவி இருந்த பைக்குள் கையை விடவில்லை. நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, அதன் பலத்தில் மெல்ல எழுந்து நின்றார்.

"நான் எம்மட்டுத் தண்ணியில நின்னேன்வே?"

"கணுக்கால் மட்டுக்கு."

"நீரு?"

"நெஞ்சு மட்டுக்கு."

"தண்ணியில நில்லும்னுதான் நான் சொன்னேன். அம்புட்டு ஆழத்துக்குப் போகச் சொன்னது யாரு?"