தலைமேல் அமர்ந்த கைகள்

அந்த நாட்டில் கத்தோலிக்க ஆயர் பதவி காலியானால், ரோமையில் பெயரை யோசிப்பதற்குள் மந்திரி வீட்டில் முடிவாகிவிடும். ரோமையும் பெருமூச்சு விட்டுத் தலையாட்டிவிடும். முகத்துறை மறைமாவட்டத்துக்கு இம்முறை மந்திரி வாயில் வந்த பெயர் அருட்தந்தை சூசைநாதன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றார்கள் கூட இருந்தவர்கள். சூசைநாதன்தான் இரண்டு நாள் அவகாசம் கேட்டார்.

அவர் இன்னாசி ஆண்டகையைத் தேடிப் போனார். குருமடத்தில் அவருக்குப் பாடம் சொன்னவர். முகத்துறையின் பழைய ஆயர். மந்திரிக்குப் பிடிக்காமல் பதவி போய், மலையடிவாரத்து மடமொன்றில் கிடந்தார். ஆனாலும் இன்னாசி கைவைத்து ஆசீர்வதித்தவரைத்தான் முகத்துறைச் சனங்கள் ஏற்பார்கள். அது மந்திரிக்கும் தெரியும். சூசைநாதன் வந்த காரே மந்திரி அனுப்பியதுதான்.

சூசைநாதன் எல்லாவற்றையும் கொட்டினார். மறுத்தால் கோவில்களுக்குப் பூட்டு விழும், தன்னைவிட மோசமான ஒருவன் வருவான் என்றார். தனக்குப் பதவி ஆசையே இல்லை என்றார். அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சொல்லுங்க ஆண்டகை. நான் ஏத்துக்கலாமா?"

"பீடத்தைப் பாத்து முழங்கால் போடு. கண்ணை மூடிக்கோ."

உச்சி வெயில் நேரம். மடத்தின் சிற்றாலயத்தில் அவர்கள் இருவர்தான். சற்றுப் பொறுத்து, தலைமேல் இரண்டு கைகள் வந்து அமர்ந்தன. சூசைநாதனுக்குக் கண் கலங்கியது. கிழவர் மனமிரங்கிவிட்டார்.

கைகள் விலகவில்லை. கனத்தன. அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தன. மெல்ல அழுத்தின, அவர் குனிந்தார். இன்னும் அழுத்தின, நெற்றி தரையில் பட்டது.

அப்போது சற்றுத் தள்ளி, ஜன்னல் பக்கம், யாரோ இருமினார்கள். அது இன்னாசியின் இருமல்.

சூசைநாதனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கைகள் அவரைப் பிடித்து வைத்திருக்கவில்லை, சும்மா படிந்துதான் இருந்தன. நினைத்தால் எழுந்துவிடலாம். அவர் எழவில்லை. கைகள் அவர் முகத்தை, பிள்ளையின் முகத்தைத் திருப்புவதுபோல் பதமாக, கார் நின்ற வாசல் பக்கம் திருப்பின. அதற்கும் இணங்கினார்.

வெளியே ஓட்டுநர் ஹாரன் அடித்தார். தலை லேசானது.

சூசைநாதன் கண்ணைத் திறந்தார். ஜன்னலோர நாற்காலியில் இன்னாசி போர்வையைக் காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"ஆண்டகை, என் தலைமேல கை வெச்சது யாரு?"

இன்னாசி அவரை நிதானமாகப் பார்த்தார்.

"யாருன்னு தெரியாமலா இவ்வளவு நேரம் குனிஞ்சு கிடந்தே?"