தனிமரத்துக்குக் குடிபோன மந்தி

அல்லிக்குளத்தங்கரையில் ஒரு பெரிய அத்திமரம். அதில் ஒரு குரங்குக் கூட்டம் குடியிருந்தது. குரங்காகப் பிறந்துவிட்டுப் பேன் இல்லாமல் இருக்க முடியுமா? வெயில் தாழ்ந்ததும் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் முதுகை ஒருவர் பார்ப்பார்கள். கை பேன் எடுக்கும், வாய் ஊர்வம்பு பேசும்.

அந்தக் கூட்டத்தில் சொர்ணம் என்றொரு மந்தி. அவளுக்கு மொட்டு என்று ஒரே குட்டி. பிள்ளை மேல் பாசம் யாருக்குத்தான் இல்லை? இவளுக்குக் கொஞ்சம் கூடுதல். வாயும் கூடுதல்.

ஒருநாள் மொட்டுவின் காதோரம் பேன் ஊர்வதைப் பார்த்தாள். வந்ததே கோபம்! பக்கத்துக் கிளை மூக்காயியின் பிள்ளைகளோடுதான் மொட்டு நாளெல்லாம் கட்டிப் புரண்டு விளையாடும். நேரே அங்கே போனாள்.

“உன் பிள்ளைங்க ஒட்டவச்சதுதான் இது. பிள்ளை வளர்க்கிற லட்சணமா இது?” என்று கேட்டாள்.

“எல்லாருக்கும் வர்றதுதானே அக்கா. இப்படி உட்காரு, எடுத்துவிடறேன்” என்றாள் மூக்காயி.

“உன் கை என் பிள்ளை மேல படவே வேண்டாம்!”

அன்றைக்கே குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு சொர்ணம் கிளம்பிவிட்டாள். குளத்துக்கு அக்கரையில் ஒரு நாவல்மரம் தனியாக நின்றது. நல்ல காற்று, பக்கத்தில் ஒரு சனம் கிடையாது. இனி என் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் மொட்டுவை மடியில் போட்டு, மயிரை விலக்கி விலக்கிப் பார்த்து, ஒன்றுவிடாமல் எடுத்தாள். மறுநாள் பார்த்தால் அதே அளவு பேன். அதையும் எடுத்தாள். மறுபடியும் வந்தது. கிளையில்தான் கோளாறு என்று கிளை மாறினாள். பழத்தில்தான் கோளாறு என்று பழத்தை நிறுத்தினாள். தன் முதுகு அரித்தபோதெல்லாம் மரத்தில் தேய்த்துக்கொண்டு, உடம்புச் சூடு என்று விட்டுவிட்டாள்.

மொட்டு அரிப்பில் தூங்கவில்லை. பால் குடிப்பதும் குறைந்தது. நாளுக்கு நாள் வெளுத்து, எந்நேரமும் தாயின் முதுகிலேயே சுருண்டு கிடந்தது. ஒருநாள் அதற்குத் தாயின் மயிரைப் பிடித்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. நழுவி விழப்போனதைச் சொர்ணம் தாங்கிப் பிடித்தாள். வீம்பெல்லாம் போன இடம் தெரியவில்லை, அத்திமரத்துக்கு ஓடினாள்.

“மூக்காயி, என் பிள்ளை எனக்கு இல்லாமப் போயிடும் போலிருக்கு!” என்று அழுதாள்.

மூக்காயி குட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொர்ணத்தை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ கொஞ்சம் திரும்பு அக்கா” என்றாள்.

சொர்ணம் திரும்பினாள். முதுகு முழுக்கப் பேன் அப்பிக் கிடந்தது.

“இவ்வளவு நாளா உன் முதுகை யார் பார்த்தா?”

“யார் பார்ப்பா? அங்கேதான் யாருமில்லையே.”

“அப்புறம் எப்படிப் பேன் போகும்? நீ பிள்ளைகிட்ட எடுக்கிறே, அது உன் முதுகிலேறி மறுபடியும் வாங்கிக்கிது.”

மூக்காயி குரல் கொடுத்ததும் மந்திகள் கூடிவிட்டார்கள். இரண்டு பேர் சொர்ணத்தின் முதுகுப்பக்கம் உட்கார்ந்து எடுத்தார்கள். மூக்காயி மொட்டுவைப் பார்த்துக்கொண்டாள். தினமும் இதே வேலையாக இருந்தார்கள். மொட்டு தூங்கத் தொடங்கியது. பிறகு ஒருநாள் தானாகவே பாலுக்கு அழுதது.

அந்த அழுகையைக் கேட்டுச் சொர்ணத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. “உன்னை அன்னைக்கு அவ்வளவு பேசினேனே, மூக்காயி” என்றாள்.

“பேசினது இருக்கட்டும். ஆடாம உட்காரு, இன்னும் கழுத்துப்பக்கம் பாக்கி இருக்கு” என்றாள் மூக்காயி.

பெற்றவள் கை எட்டாத இடத்தில் அக்கம்பக்கத்தார் கை எட்டினால்தான் பிள்ளை நோய்நொடியில்லாமல் வளரும்.