சரிவுப் பாதையின் முளைக்கம்புகள்

ஒரு காட்டில், சதுப்பிலிருந்து மூடுபனி எழும் நாளில் விலங்குகள் எல்லாம் கரும்பாறைமேல் ஏறிக்கொள்ளும். பனிக்குள் சிக்கியவர் திரும்பியதில்லை. காலடித் தடம் பாதி வழியில் நின்றுபோயிருக்கும், அவ்வளவுதான்.

பாறைப் படி ஒவ்வொன்றும் ஒரு தாவல் உயரம். மான்குட்டி துளிரிக்குப் பின்னங்கால்களில் வலுவில்லை. தாயின் விலாவில் சாய்ந்துதான் நடப்பாள்.

தாய்மான் நச்சரித்து நச்சரித்து, குரங்குத் தலைவர் ஒரு சரிவுப் பாதை போட்டார். அதன் வாசலில், ஒருவர் மட்டும் நுழையும் இடைவெளி விட்டு, வரிசையாக முளைக்கம்புகளையும் அடித்தார்.

"இது எதற்கு ஐயா?"

"இல்லாவிட்டால் பன்றிகள் தடதடவென்று ஏறிவிடுமே!"

"நானும் பிள்ளையும் சேர்ந்து நுழைய முடியாதே?"

"ஒவ்வொருவராக வாருங்கள். நானே நுழைந்து பார்த்தேனம்மா, தாராளமாக இருக்கிறது!"

ஒரு மாலை பனி எழுந்தது. முயலும் நரியும் படிகளில் தாவி ஏறின. கம்புகளுக்கு இடையே துளிரி தனியாக ஓரடி வைத்தாள், விழுந்தாள்.

"ஐயா, இரண்டு கம்பைப் பிடுங்குங்கள்!"

"பனி போகட்டும், பேசிக்கொள்ளலாம்!" என்றார் தலைவர், பாறைமேலிருந்து.

பனிக்குள்ளிருந்து இதமான குரல்கள் வந்தன. "துளிரி, இங்கே வாயேன். இங்கே படி இல்லை, கம்பு இல்லை. யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம்."

"அம்மா, அவர்கள் நல்லவர்களா?" குட்டி அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

தாய் குறுக்கே வந்து அவள் முகத்தை மறைத்தாள். "பார்க்காதே கண்ணு!"

அப்போது ஒரு பன்றி மூச்சிரைக்க ஓடிவந்தது. "தள்ளிக்கோ அக்கா, எனக்கும் உயிர் வெல்லம்தான்!" மூஞ்சியை மண்ணில் நுழைத்து இரண்டு கம்புகளைப் பெயர்த்தது. "ம், பிள்ளையோடு முன்னே போ."

மூவரும் தப்பினார்கள்.

விடிந்ததும் தலைவர் அந்தக் கம்புகளைத் திரும்பவும் அடித்தார்.

தாய்மான் எதிரே வந்து நின்றாள். "ஒரே ஒரு தடவை, என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீங்களே ஏறிக் காட்டுங்கள்."

"இதென்ன பெரிய வேலை!"

துளிரி அவர்மேல் சாய்ந்தாள். கம்புகளுக்கு நடுவே இருவரும் வசமாகச் சிக்கினார்கள். முன்னே போக முடியவில்லை, பின்னே வரவும் முடியவில்லை.

சதுப்பின் மேல் வெள்ளையாக ஏதோ அசைந்தது. யாரோ தலைவரின் பெயரைச் சொல்லி, மெதுவாக, மிக அன்பாகக் கூப்பிட்டார்கள்.

தலைவர் கம்புகளைப் பல்லாலேயே பிடுங்கத் தொடங்கினார்.

நீதி: பாதை போட்டவர், அதில் நடக்க வேண்டியவரோடு சேர்ந்து ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.